பழனியம்மாள் சிஸ்டர் ஏறினால் எழும்பாத போட்

போட் ஓடுவது வேறு, எழும்புவது வேறு. தெரியாதவர்களுக்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்ன மோட்டார் போட் மெதுவாகப் போகும்போது எருமை மாதிரி தண்ணீரை நெஞ்சால் தள்ளிக்கொண்டுதான் போகும். மூக்கு வானத்தைப் பார்க்கும், பின்பக்கம் அமுங்கிக் கிடக்கும். விசையைக் கூட்டக் கூட்ட, ஒரு கட்டத்தில் அது தான் கிளப்பிய அலையின் மேலேயே ஏறி, மூக்கைத் தாழ்த்தி, தண்ணீருக்கு மேலாக வழுக்க ஆரம்பிக்கும். அப்போது எஞ்சின் சத்தம் மாறும். உட்கார்ந்திருப்பவர் வயிற்றில் ஏதோ ஒன்று துள்ளும். பட்டறையில் அதற்கு நாங்கள் வைத்த பெயர் எழும்புதல். எழும்பினால் இருபத்தைந்து நிமிஷத்தில் அக்கரை. எழும்பாவிட்டால் ஒன்றே கால் மணி நேரம், இரண்டு மடங்கு பெட்ரோல், முதுகுவலி.

இப்போது எங்கள் பழைய பட்டறைக்குத் திரை வைத்த எஞ்சின்கள் வந்துவிட்டனவாம். என்ன கோளாறு என்று எஞ்சினே எழுதிக் காட்டுகிறதாம். அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள் போன் செய்து, "சார், அந்தக் காலத்துல நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க? எழுதிக் குடுங்க சார்" என்றார்கள். முப்பத்தோரு வருஷத்தையும் எழுத எனக்குப் பொறுமை கிடையாது. ஒரே ஒரு போட்டைப் பற்றி எழுதுகிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் தனியாக உட்கார்ந்து சிரிக்கிறேன். என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கிறாள்.

அப்பா மைசூர் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். நான் ஐ.டி.ஐ. முடித்து, இரண்டு வருஷம் பஸ் டிப்போவில் கிரீஸில் குளித்துவிட்டு, அரசுத் துறை ஒன்றின் மைசூர் ஹெப்பாள் பட்டறையில் மெக்கானிக்காகச் சேர்ந்தேன். ஜீப், பம்புசெட், ஜெனரேட்டர், ரோடு ரோலர் எல்லாம் எங்களிடம் வரும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கபினி அணையின் பின்நீருக்கென்று பதினாறு அடி ஃபைபர் போட் ஒன்றும், பின்னால் மாட்டும் நாற்பது குதிரைசக்தி எஞ்சின் ஒன்றும் வாங்கினார்கள். "எஞ்சின்தானே, தாமோதரன் பாத்துக்குவான்" என்று என் தலையில் கட்டினார்கள். அதுவரை நான் ஏறியிருந்த ஒரே போட், தசரா பொருட்காட்சி ராட்டினத்தில் தொங்கும் போட்.

என் மேலதிகாரி உதவிப் பொறியாளர் திருநாராயணன் சார். மேலுகோட்டை அய்யங்கார். வீட்டில் அவர்களுக்கென்று ஒரு பழந்தமிழ் உண்டு. என்னுடையதோ ரயில்வே குவார்ட்டர்ஸ் தமிழ். இரண்டும் ஒத்துவராது என்று அவரே தீர்மானித்து, ஆபீஸில் என்னோடு கன்னடத்தில் மட்டும் பேசுவார். அவர் பேச்சை இங்கே நான்தான் தமிழில் எழுதுகிறேன். ஐம்பது கிலோ இருப்பார். சட்டைப் பையில் பென்சில் துண்டுகள் நாலைந்து.

அவருடைய முறை ஒன்றுதான். எந்த வண்டி வந்தாலும் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் ஒரு தாள் எடுத்து மூன்று பத்தி கோடு போட வேண்டும். முன்பு எப்படி இருந்தது, எதை மாற்றினோம், பின்பு எப்படி இருக்கிறது. ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். ஒருமுறை பம்பு ஒன்றில் வாஷரையும் வால்வையும் சேர்த்து மாற்றினேன். பம்பு ஜோராக ஓடியது. வந்து பார்த்தார். "எதனால் சரியாச்சு?" என்றார். "ரெண்டுல ஒண்ணு சார்" என்றேன். "எந்த ஒண்ணு?" நான் தலையைச் சொறிந்தேன். பழைய வாஷரையும் பழைய வால்வையும் திரும்பப் போடச் சொல்லி, பம்பை மறுபடி கெடுத்து, அப்புறம் ஒவ்வொன்றாக மாற்ற வைத்தார். அன்றைக்கு அவரை மனதுக்குள் என்னவெல்லாம் திட்டினேன் என்பதை இங்கே எழுத முடியாது.

இன்னொன்று. அவருக்குத் தண்ணீர் என்றால் பயம். அணைக்கு வந்தால் கரையிலிருந்து பத்தடி தள்ளிக் குடை பிடித்து நிற்பார். கையில் விசில். ஒரு விசில் என்றால் கிளம்பு, இரண்டு விசில் என்றால் நிறுத்து. போட் விஷயத்தில் அவருடைய அனுபவம் முழுவதும் அந்தப் பத்தடிக்கு இந்தப் பக்கம்தான்.

வாங்கிய புதிதில் போட் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு சிரமமில்லாமல் எழும்பியது. மூன்றாம் வருஷம் சோம்பல் காட்ட ஆரம்பித்தது. ஓட்டுபவர் மாதப்பா, அந்தப் பக்கத்துக்காரர். போட்டைச் சொந்த மாடு மாதிரி குளிப்பாட்டித் துடைப்பார். அவர் கண்டுபிடித்த காரணம் ஒன்றுதான்: பழனியம்மாள் சிஸ்டர்.

சிஸ்டர், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். அந்த வருஷம்தான் அணைக்கரை சுகாதார நிலையத்துக்கு மாற்றலாகி வந்திருந்தார். அக்கரையில் நாலு சிறு ஊர்கள். வாரம் ஒருநாள் தடுப்பூசிப் பெட்டியோடு போட்டில் போவார். நல்ல உயரம், நல்ல உடம்பு. அவர் படியில் கால் வைத்தால் போட் ஒருபக்கம் சாய்ந்து மரியாதை செய்யும். மாதப்பா தனியாகப் போனால் போட் முக்கி முனகியாவது எழும்பியது. சிஸ்டர் ஏறினால் எழும்பவில்லை. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? போகப்போக ஊசி மருந்தின் ஐஸ் வழியிலேயே உருகி, இரண்டு தடவை பாதி ஊர்களை மட்டும் முடித்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார்.

நான் போய்ப் பார்த்தேன். பிளக், கார்புரேட்டர், கம்ப்ரஷன் எல்லாம் சுத்தம். ஆனால் முழு விசையிலும் எஞ்சினின் சுற்று ஏறவில்லை. மூச்சு முட்டுகிற மாதிரி ஓடியது. அன்று எனக்கு மைசூர் கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். பதிவேட்டில் காரணம் என்ற இடத்தில் "பயணியின் எடை அதிகம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் பட்டறை வாசலில் ஒரு பெரிய உருவம். கையில் ஒரு தாள்.

"ஏனுங்க, தாமோதரன்ங்கறது யாருங்க?"

"நான்தான்."

"இதைக் கொஞ்சம் சத்தமாப் படிங்க."

அவருடைய மேலிடத்திலிருந்து வந்த கடிதம். படகு இயந்திரப் பிரிவின் குறிப்பை முன்னிட்டு, மேற்படி நிலையத்துக்கு எடை குறைந்த ஊழியர் ஒருவரை நியமிப்பது பற்றிப் பரிசீலிக்கப்படுகிறது என்று இருந்தது. நான் எழுதிய மூன்று வார்த்தை, மூன்று ஆபீஸ் ஏறி இறங்கி, கொழுத்துத் திரும்பி வந்திருக்கிறது. எனக்குக் காதெல்லாம் சுட்டது.

"எங்க வீட்டுக்காரரு அணைக்கரைப் பள்ளிக்கொடத்துலதானுங்க வாத்தியாரு. என்னை எங்கயோ தூக்கிப் போட்டா குடும்பம் ரெண்டாப் போயிருமுங்க. அது கூடப் பரவால்லீங்க. ஒரு கெவர்மெண்டு பேப்பர்ல என்னைக் குண்டுன்னு எழுதிப்போட்டீங்களே. எடை போட்டுப் பாத்தீங்களா?"

"இல்ல சிஸ்டர்."

"போட்டைப் போட்டுப் பாத்தீங்களா?"

"போட்டையா?"

"நானும் போட்டும் சேந்துதான போறோமுங்க. ரெண்டுல எது கனம்னு எப்படித் தெரியுமுங்க?"

உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த திருநாராயணன் சார் வெளியே வந்தார். அவர் கையில் ஏற்கெனவே தாள் இருந்தது. மூன்று பத்திக் கோடும் போட்டாகிவிட்டது.

அடுத்த வாரம் அணைக்குப் போனோம். ஆறு காரணங்களை எழுதி, ஒவ்வொன்றாக அடிக்க ஆரம்பித்தோம். ப்ரொப்பெல்லரின் நடுவில் ஒரு ரப்பர் புஷ் உண்டு. அது நழுவினால் எஞ்சின் மட்டும் சுற்றும், விசிறி சோம்பும். நடுவிலிருந்து ஓரம் வரை சுண்ணாம்புக்கட்டியால் நேர்க்கோடு போட்டு, முழு விசையில் ஓட்டி, வந்து பார்த்தோம். கோடு கோடாகவே இருந்தது. புஷ் நழுவவில்லை. எஞ்சின் சரியான உயரத்தில் மாட்டியிருக்கிறதா என்று போட்டின் அடிப்பாகத்தோடு ஒரு நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்தோம். சரி. எஞ்சினின் சாய்வைத் தீர்மானிக்கும் பின்னை ஒரு துளை உள்ளே தள்ளினோம். மூக்கு கொஞ்சம் இறங்கியது, ஆனால் எழும்பவில்லை. பின்னைப் பழைய துளைக்கே கொண்டுபோகச் சொன்னார். அடிப்பாகத்துப் பாசியைச் சுரண்டினோம். பயனில்லை. சிஸ்டரை முன்னால் உட்கார வைத்து ஓட்டினோம். எழும்புகிற மாதிரி ஒரு பாவனை காட்டிவிட்டு மறுபடி அமுங்கியது.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கரையிலிருந்து ஒரு விசில், இரண்டு விசில். மாதப்பா ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "நான் சொன்னேனல்லா?" என்று அர்த்தம்.

மிச்சம் இருந்தது எடை. சுகாதார நிலையத்து எடை மிஷினில் முதலில் ஏறியவர் சிஸ்டர்தான். நிமிர்ந்து நின்றார். "சத்தமாச் சொல்லுங்க" என்றார். தொண்ணூற்று நாலு. அடுத்து மாதப்பா, எழுபத்து மூன்று. நான் அறுபத்தெட்டு. திருநாராயணன் சார் தான் போட்டில் வருவதில்லை என்று நழுவப் பார்த்தார். சிஸ்டர் விடவில்லை. "ஏறுங்க சார், கெவர்மெண்டு மிசினுதான், கடிக்காது." ஐம்பத்தொன்று, குடையோடு. ஐஸ் பெட்டி, பெட்ரோல் டேங்க், நங்கூரம், மாதப்பாவின் மதியச் சாப்பாட்டு அடுக்கு வரை ஏற்றி இறக்கினோம். சார் கூட்டிப் பார்த்தார். போட்டில் அனுமதித்த பாரத்தில் முக்கால் பங்குதான் வந்தது.

மாதப்பாவின் புருவம் கீழே இறங்கியது.

போட்டை டிரெய்லரில் ஏற்றி ஹெப்பாளுக்குக் கொண்டுவந்தோம். பட்டறைக்கு இரண்டு தெரு தள்ளி லாரி எடைமேடை. எஞ்சினைக் கழற்றிவிட்டு, முதலில் வெறும் டிரெய்லர், அப்புறம் போட்டோடு டிரெய்லர். சிஸ்டர் லீவு போட்டுவிட்டுத் தூக்குச் சட்டியில் புளிசாதத்தோடு வந்திருந்தார். தயாரித்தவர்கள் கொடுத்த காகிதத்தில் போட்டின் எடை முன்னூற்றுப் பத்து கிலோ. மேடை காட்டியது ஐந்நூற்று அறுபது.

சார் நம்பவில்லை. இறக்கி ஏற்றச் சொன்னார். ஐந்நூற்று அறுபது. மூன்றாவது தடவை கேட்டதும் எடைமேடைக்காரர் ஜன்னலில் தலையை நீட்டி, "ஏன் சுவாமி, என் மேடை பொய் சொல்லுதா?" என்று கோபித்துக்கொண்டார். அப்போதும் ஐந்நூற்று அறுபதுதான்.

"இருநூத்தம்பது கிலோ அதிகம்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

சிஸ்டர் விரல் விட்டு எண்ணினார். "அப்படின்னா, எனக்கு முன்னாலயே என்னாட்டம் ரெண்டரைப் பேரு ஏறி உக்காந்திருக்காங்கன்னு சொல்லுங்க!"

திருநாராயணன் சார் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். தும்மல் மாதிரி ஆரம்பித்து, மூக்குக்கண்ணாடி கழன்று விழுகிற வரை போனது.

அந்த இரண்டரைப் பேரைத் தேடிப் பட்டறையில் போட்டின் தரையை அறுத்தோம். அப்படிப்பட்ட போட்டுகளில் தரைப் பலகைக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே மஞ்சள் நுரைப்பஞ்சை அடைத்திருப்பார்கள். கவிழ்ந்தாலும் மூழ்காமல் இருப்பதற்காக. சதுரமாக ஒரு துண்டைப் பெயர்த்து எடுத்தேன். உள்ளே பஞ்சு ரசத்தில் ஊறின வடை மாதிரி இருந்தது. பிழிந்தால் தண்ணீர் முழங்கை வழியாக ஓடியது. மூன்று மழைக்காலத்துத் தண்ணீர். மாதப்பா குனிந்து தொட்டுப் பார்த்து, தன் மாட்டுக்கு வியாதி என்று தெரிந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

"தண்ணி எந்த வழியா உள்ளே போச்சு?" என்றார் சார்.

தரையைத் துடைத்துக் கையால் தடவிக்கொண்டே போனேன். நடுப்பலகையில் ஒரு இரும்புத் தாங்கி. குடிதண்ணீர்க் கேன் வைப்பதற்காகப் பொருத்தியது. நாலு ஸ்க்ரூ. நாலும் துருவேறி, துளைகள் விரிந்து போயிருந்தன. ஒரு துளைக்கும் பிசின் வைத்து அடைக்கவில்லை. போட் கரையில் திறந்தவாக்கில் நிற்கும்போது பெய்த மழையெல்லாம் அந்த நாலு துளை வழியாக உள்ளே போயிருக்கிறது.

அந்தத் தாங்கியைப் பொருத்தியது நான். போட் வந்த முதல் மாதத்தில், யாரோ கேன் உருளுகிறது என்று சொன்னார்கள் என்று, ஐந்து நிமிஷத்தில் துளை போட்டு முடுக்கிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வந்தவன். எந்தத் தாளிலும் எழுதாதவன்.

"இது யார் வேலை?" என்றார் சார்.

மூன்று பேரும் என்னைப் பார்க்கவில்லை. ஸ்க்ரூவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் தயாரித்தவர்கள் தலையில் போட்டிருக்கலாம். அரை நிமிஷம் அந்த யோசனை வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"என் வேலை சார். கேன் தாங்கி. நான்தான் போட்டேன்." அப்புறம் சிஸ்டர் பக்கம் திரும்பினேன். "சிஸ்டர், ஓட்டை போட்டதும் நான், உங்க மேல எழுதினதும் நான். மன்னிச்சிடுங்க."

சிஸ்டர் என்னைப் பார்த்தார். ஸ்க்ரூவைப் பார்த்தார். அவர் உதடு துடித்தது. அழப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஏனுங்க... இந்த நாலு ஸ்க்ரூவுக்காகவா நான் ரெண்டு மாசமா ராத்திரிச் சோத்தை விட்டுப்போட்டுக் கெடந்தேன்?"

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். டிரெய்லரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தார். டிரெய்லர் கிறீச்சிட்டது. மாதப்பா சிரித்தார். எனக்கும் வந்துவிட்டது. அப்புறம் தூக்குச் சட்டியைத் திறந்து, கால்வாசியை என் கையில் வைத்து, முக்கால்வாசியைத் தானே சாப்பிட்டார்.

அன்று சாயங்காலமே சார் மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். முந்தைய குறிப்பு தவறு, காரணம் பட்டறையின் பணிக்குறை என்று. என் பெயர் அதில் இல்லை. கீழே நானே என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் பென்சில் துண்டு ஒன்றை எடுத்து என் சட்டைப் பையில் செருகினார். சிஸ்டரின் மாற்றல் பேச்சு அதோடு நின்றது. எனக்கு ஒரு எச்சரிக்கை மெமோ வந்தது. அதை வாங்கியபோது ஏனோ சந்தோஷமாகவே இருந்தது.

பஞ்சு முழுவதையும் சுரண்டி எடுக்க நாலு நாள். அடிப்பாகத்தைக் காயவைக்க ஒரு வாரம். புதுப் பஞ்சு அடைத்து, தரையை மூடி, ஒவ்வொரு துளையையும் பிசின் வைத்து அடைத்தேன். கேன் தாங்கியைக் கழற்றி எறிந்தேன். கேனைக் கயிற்றால் கட்டினால் உருளாது.

சோதனை ஓட்டத்தன்று நல்ல வெயில். பின்நீர் தட்டு மாதிரி கிடந்தது. நான், மாதப்பா, ஐஸ் பெட்டி எல்லாம் ஏறியாயிற்று. சிஸ்டர் மட்டும் படியில் நின்றுகொண்டு அசையவில்லை.

"சார் ஏறுனாத்தான் நான் ஏறுவேன்."

பத்தடி தள்ளிக் குடையோடு நின்றிருந்த சார் பின்வாங்கினார். "நான் விசில் ஊதணும்" என்றார்.

"போட்டுலயிருந்து ஊதுங்க. கேக்கும்."

எப்படி ஏறினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு லைஃப் ஜாக்கெட், மடியில் தாள், கக்கத்தில் குடை, ஒரு கையில் கடிகாரம், மறு கை சிஸ்டரின் ஐஸ் பெட்டிப் பிடியில், கண் இறுக மூடியிருந்தது. ஒரு விசில் அடித்தார். மாதப்பா விசையை முழுக்கத் திருகினார்.

மூக்கு மேலே போனது. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினேன். வழக்கமாக அமுங்கும் இடம் வந்தது. அமுங்கவில்லை. நாலு, ஐந்து... எஞ்சின் சத்தம் மாறியது. மூக்கு இறங்கியது. பின்னால் தண்ணீர் இரண்டாகப் பிளந்து வெள்ளையாக விரிந்தது. போட் எழும்பிவிட்டது. சிஸ்டர் "அய்யோ சாமீ!" என்று கூவினார். காற்று அவர் முந்தானையை என் முகத்தில் அடித்தது.

சார் கண்ணைத் திறந்தார். பதினைந்து வருஷம் என்னோடு கன்னடம் மட்டுமே பேசிய மனிதர், வீட்டுத் தமிழில் கத்தினார்.

"எழுந்துடுத்து! தாமோதரா, எழுந்துடுத்துடா!"

குடை பறந்து போய்விட்டது. அவர் கவனிக்கவில்லை. அக்கரைக்குக் கிட்டே வந்ததும் மாதப்பா விசையைக் குறைக்கப் போனார். சார் அவர் தோளைத் தட்டினார். "ரீடிங் சரியாப் பார்க்கலை. இன்னொரு தடவை போ." இன்னொரு தடவை போனோம். அதிலும் ரீடிங் சரியாகப் பார்க்கவில்லையாம். மூன்றாவது தடவை அவர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை என்பதை நான் பார்த்தேன்.

ஒருவழியாக அக்கரையில் இறங்கினோம். ஊருக்குள் நுழைந்ததும் சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டார். என்ன என்று கேட்டேன். இத்தனை நாளும் எங்கள் போட் முனகிக்கொண்டு வருவது ஒரு மணி நேரத்துக்கு முன்பே ஊருக்குக் கேட்டுவிடும். அவர் வந்து சேர்வதற்குள் பிள்ளைகள் எல்லாம் ராகிக் கொல்லைக்குள் போய் ஒளிந்துவிடும். தாய்மார்கள் பிடித்துவர அரை நாள் ஆகும். இன்று யாருக்கும் ஓட நேரமில்லை. ஒருத்தன் புளியமரத்தில் ஒரு கால் வைத்தபடி எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். கோழிக்கூடையைக் கவிழ்த்துத் தன்மேல் மூடிக்கொண்ட ஒருத்திக்குக் கால் இரண்டும் வெளியே தெரிந்தது.

பெட்டியைத் திறந்தார் சிஸ்டர். ஐஸ் கட்டியாக இருந்தது. வேலை மத்தியானத்துக்குள் முடிந்தது. ஊரே அழுகைச் சத்தம். யாருக்கும் எங்கள் மேல் நல்ல அபிப்பிராயம் இல்லை.

மாதப்பாதான் சொன்னார். "பாவம் சார், எல்லாரையும் ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போலாமா?"

சார் யோசிக்கவே இல்லை. தாளைத் திருப்பி, வெள்ளைப் பக்கத்தில் மறுபடி கோடு போட்டார். ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைகளுக்கு மட்டும், ஜாக்கெட் மாட்டி, இரண்டிரண்டு பேராக. ஒவ்வொரு சவாரியிலும் பாரத்தைப் பரிசோதிக்க வேண்டும் என்று சொல்லித் தானும் கூடவே ஏறிக்கொண்டார். தண்ணீர்மேல் போட் எழும்பும் ஒவ்வொரு தடவையும் கரைவரை ஒரு கூச்சல் வந்தது. அதில் எது பிள்ளைகளின் குரல், எது சாரின் குரல் என்று கரையில் நின்ற எங்களுக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கடைசிச் சவாரி முடிந்து சிஸ்டர் பெட்டியை மூடப் போனார். எதிரே ஒரு பெண் குழந்தை. கோழிக்கூடைக்காரி. கன்னத்தில் கண்ணீர் காய்ந்து கோடாக இருந்தது. ஏற்கெனவே ஊசி போட்டு, ஏற்கெனவே ஒரு ரவுண்டும் போய் வந்தவள்.

அவள், ஊசி போடாத கையின் சட்டையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு, சிஸ்டர் முன்னால் அதை நீட்டினாள்.